கொள்கலனின் சாவியை எங்கே வைப்பது?

கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சாலைகளில் வரிசை வரிசையாக ஓடும் கொள்கலன் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியின் நீளம் பெரும்பாலும் 20 அடி அல்லது 40 அடி. உள்ளே இருப்பது கையுறையா, நாற்காலியா என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. அளவு ஒன்றாக இருப்பதால் எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் பெட்டி பொருந்திவிடும். 1956 ஏப்ரல் 26ஆம் நாள் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஒரே கப்பலில் அனுப்பினார். நவீனக் கொள்கலன் போக்குவரத்து அங்கிருந்துதான் வளர்ந்தது.

இதே யோசனையைக் கணினித் துறையும் கடன் வாங்கியது. ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையான எல்லாத் துணைக் கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால், அது மடிக்கணினியிலும் ஓடும், சைபர்ஜெயாவில் உள்ள தரவு மையத்திலும் ஓடும். இந்தப் பொட்டலத்துக்கும் கொள்கலன் என்றே பெயர். 2013இல் வெளிவந்த டோக்கர் என்னும் மென்பொருள் இதைப் பரவலாக்கியது. நூற்றுக்கணக்கான கொள்கலன்களை ஒழுங்காக இயக்கக் கூகுள் நிறுவனம் 2014இல் குபர்நெட்டீஸ் என்னும் மென்பொருளை அறிமுகப்படுத்தியது. அது ஒரு கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் மீகாமன் என்போமே, அவர்தான்!

மீகாமனுக்கு என்ன வேலை என்று சொல்ல ஒரு கோப்பு வேண்டும். எந்தக் கொள்கலனை இயக்குவது, எத்தனை நகல்கள் வேண்டும், எவ்வளவு நினைவகம் தருவது, எந்தத் தரவுத்தளத்தோடு இணைப்பது என்பவை அதில் இருக்கும். இதை அமைவுக் கோப்பு என்போம். கப்பலோடு போகும் சரக்குப் பட்டியலைப் போன்றது அது. பலர் படிப்பார்கள், திருத்துவார்கள், பகிர்ந்துகொள்வார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பெட்டியை உடைக்காத திருடர்கள்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் போதைப்பொருள் கடத்தல் கும்பல் ஒன்று 2011 தொடங்கிக் கணினி ஊடுருவிகளைப் பயன்படுத்தியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கொள்கலன்களில் நேர்மையான சரக்கோடு போதைப்பொருளும் ஒளிந்திருந்தது. அந்தக் கொள்கலன் எங்கே நிற்கிறது, அதை வெளியே எடுக்க எந்த இரகசிய எண் வேண்டும் என்ற விவரங்களை ஊடுருவிகள் திருடினர். உண்மையான உரிமையாளர் வருவதற்கு முன்பே கும்பலின் லாரி வந்து பெட்டியை எடுத்துச் சென்றது. 2013இல் இந்தச் செய்தி வெளியானது. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை. எண் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

மென்பொருள் கொள்கலனிலும் இதே நிலைதான். ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு முன்கூட்டியே நாசி லெமாக் பதிவு செய்யும் செயலி ஒன்றை நீங்கள் உருவாக்குகிறீர்கள். மாணவர் பெயர், வகுப்பு, பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். செயலி அந்தத் தரவுத்தளத்துக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். அதை எங்கே எழுதி வைப்பீர்கள்?

பலரும் அமைவுக் கோப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். பிறகு அந்தக் கோப்பு கிட்ஹப் போன்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போகிறது. வீட்டுச் சாவியை வாசல் கதவிலேயே தொங்கவிட்டது போலத்தான்.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவைக்கான நிரலில் ஒரு பகுதி, அதன் சேவையகத்துக்கான அணுகல் சாவியோடு 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை கிட்ஹப்பில் யாரும் காணும்படி கிடந்தது. 296,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2018 பிப்ரவரியில் தெரியவந்த டெஸ்லா நிகழ்ச்சி கொள்கலனோடு நேரடியாகத் தொடர்புடையது. அதன் குபர்நெட்டீஸ் நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லே இல்லை. உள்ளே நுழைந்தவர்களுக்கு அமேசான் மேகக் கணிமைக்கான சாவி அங்கேயே கிடைத்தது. டெஸ்லாவின் கணினிகளை அவர்கள் மின்னாணயம் உருவாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

புரியாத எழுத்து பூட்டு ஆகுமா?

கடவுச்சொற்களை வைப்பதற்கென்றே குபர்நெட்டீஸில் "இரகசியம்" என்ற தனி வகைக் கோப்பு உண்டு. அதைத் திறந்து பார்த்தால் கடவுச்சொல் தெரியாது. அர்த்தமில்லாத எழுத்துகளே தெரியும். "அப்படியானால் பாதுகாப்பாகத்தானே இருக்கிறது?" என்று தோன்றும். அந்த எழுத்துகள் எப்படி வருகின்றன என்று நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் 123 என்று வைத்துக்கொள்வோம். கணினியின் ஆஸ்கி அட்டவணையில் 1 என்ற குறிக்கு எண் 49, 2க்கு 50, 3க்கு 51. இவற்றை 8 இலக்க இரும எண்களாக எழுதினால்:

00110001   00110010   00110011

மொத்தம் 24 பிட்டுகள். இப்போது இடைவெளியை மட்டும் மாற்றி, ஆறு ஆறாகப் பிரியுங்கள்:

001100   010011   001000   110011

இவற்றின் மதிப்புகள் 12, 19, 8, 51. அடுத்து ஓர் அட்டவணை. 0 முதல் 25 வரை ஆங்கிலப் பெரிய எழுத்துகள், 26 முதல் 51 வரை சிறிய எழுத்துகள், 52 முதல் 61 வரை 0 முதல் 9 வரையான இலக்கங்கள், கடைசி இரண்டு எண்களுக்கு இரண்டு குறிகள். ஆக மொத்தம் 64. அதன்படி 12 பெரிய எம், 19 பெரிய டி, 8 பெரிய ஐ, 51 சிறிய இசட். 123 என்ற கடவுச்சொல் இப்போது நான்கு ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது. இதற்கு பேஸ்64 என்று பெயர்.

இந்தக் கணக்கில் எந்த இடத்திலாவது சாவி பயன்பட்டதா? இல்லை. அட்டவணை உலகம் முழுவதும் ஒன்றே. ஆகவே யாரும் பின்னோக்கிக் கணக்குப் போட்டு 123ஐக் கண்டுபிடித்துவிடலாம். இது குறிமுறை மாற்றம்; பாதுகாப்பு இதன் நோக்கமே இல்லை. எல்லா வகைத் தரவையும் சிதையாமல் எழுத்து வடிவில் அனுப்புவதற்காக உருவானது. தமிழை ஜாவி எழுத்தில் எழுதினால் ஜாவி படிக்கத் தெரியாதவருக்குப் புரியாது. அதனால் அது இரகசியம் ஆகிவிடாது.

குறியாக்கம் வேறு. அதில் சாவி இருக்கும். 1883இல் ஆகஸ்ட் கெர்க்ஹோஃப்ஸ் என்ற மொழியியல் அறிஞர் ஒரு விதியைச் சொன்னார்: முறை எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை இரகசியம் காக்கப்பட வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ் குறியாக்க முறை 2001இல் அமெரிக்கத் தரமாக வெளியிடப்பட்டது. அதன் வழிமுறையை யாரும் படிக்கலாம். ஆனால் 256 பிட் சாவிக்கு 2இன் அடுக்கு 256 வாய்ப்புகள் உண்டு. அது 78 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்! 123 போன்ற மூன்று இலக்கக் கடவுச்சொல்லுக்கு இருப்பதோ 1,000 வாய்ப்புகள்தான்.

உண்டியல் தரும் விடை

சரி, கடவுச்சொல்லைக் குறியாக்கம் செய்து அமைவுக் கோப்பில் வைக்கிறோம். குழுவில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேருக்கும் சாவியைக் கொடுப்பதா? கொடுத்தால் அந்தச் சாவியும் ஒருநாள் கசியும்.

இதற்கான விடை நமக்குப் பழக்கமானதுதான். கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் பணம் போடலாம். திறப்பதோ சாவி வைத்திருக்கும் நிர்வாகத்தினரால் மட்டுமே முடியும். கணிதத்தில் இதைச் செய்வது பொதுச்சாவி முறை. ஒரு ஜோடிச் சாவிகள் இருக்கும். பொதுச்சாவியால் பூட்டலாம், தனிச்சாவியால் மட்டுமே திறக்கலாம். ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ இவ்வகையில் புகழ்பெற்றது.

குபர்நெட்டீஸுக்கான "முத்திரையிட்ட இரகசியங்கள்" என்னும் கருவி இந்த முறையில் இயங்குகிறது. தனிச்சாவி கொள்கலன்கள் இயங்கும் கணினித் தொகுதிக்குள்ளேயே இருக்கும். உங்களிடம் இருப்பது பொதுச்சாவி மட்டும். கடவுச்சொல்லை நீங்கள் பூட்டியபின், பூட்டிய வடிவம் அமைவுக் கோப்புகளோடு சேர்ந்தே பயணம் செய்யலாம். பொதுக் களஞ்சியத்தில் கிடந்தாலும் படிக்க முடியாது. தொகுதிக்குள் போய்ச் சேர்ந்தபின்தான் அது திறக்கப்படும். துறைமுகத்தில் கொள்கலனின் கதவில் எண்ணிட்ட முத்திரை போட்டு அனுப்பி, சேருமிடத்தில் உடைப்பது போல.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, திறக்கப்பட்ட கடவுச்சொல் தொகுதிக்குள் சாதாரண "இரகசியம்" ஆகிவிடும். குபர்நெட்டீஸின் தரவுத்தளம் அதை இயல்பாகக் குறியாக்கம் செய்வதில்லை. நிர்வாகிதான் அந்த வசதியை இயக்க வேண்டும். யார் எதைப் படிக்கலாம் என்ற அனுமதியையும் சுருக்க வேண்டும். இரண்டாவது, தனிச்சாவி தொலைந்தால் பூட்டியதை உரிமையாளராலும் திறக்க முடியாது. அதனால் அதற்குப் பாதுகாப்பான நகல் வேண்டும்.

அந்தக் கடைசிச் சாவியை ஒருவரிடமே விட்டுவைப்பதும் ஆபத்துதான். வால்ட் என்னும் மற்றொரு கருவி, தன் முதன்மைச் சாவியை இயல்பாக ஐந்து துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கும். அவற்றுள் ஏதேனும் மூன்று சேர்ந்தால்தான் வால்ட் திறக்கும். இதன் கணிதத்தை 1979இல் வெளியிட்டவர் ஆர்எஸ்ஏ மூவரில் ஒருவரான ஷமிர். நிர்வாகத்தினர் சிலர் ஒன்றுகூடி உண்டியல் திறக்கும் வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம்.

அழித்தால் போய்விடுமா?

தவறிப்போய்க் கடவுச்சொல் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்விட்டது. உடனே அந்த வரியை அழித்துவிடுகிறீர்கள். போதுமா? போதாது. கிட் போன்ற கருவிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கின்றன. பழைய பக்கத்தைப் புரட்டினால் கடவுச்சொல் அங்கேயே இருக்கும். டோக்கர் கொள்கலனும் அடுக்கு அடுக்காகக் கட்டப்படுவது. கீழ் அடுக்கில் வைத்த கோப்பை மேல் அடுக்கில் அழித்தால் பார்வையிலிருந்து மறையும். கீழே அப்படியே இருக்கும்.

கசிந்த சாவிக்கு ஒரே மருந்து, பூட்டை மாற்றுவது. பழைய கடவுச்சொல்லைச் செல்லாததாக்கிப் புதியதை உருவாக்க வேண்டும். பழைய சாவியை யாராவது பயன்படுத்தினார்களா என்று பதிவேடுகளைப் பார்ப்பது அடுத்த வேலை.

இது தொழில்நுட்பம் மட்டுமல்ல, சட்டமும் ஆகும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிறுவனங்கள் வாடிக்கையாளரின் தரவைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 2024இல் செய்யப்பட்ட திருத்தம், அதற்கான பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அதிகபட்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் கட்டாயமாகிவிட்டது. நாளை உங்களில் சிலர் கோலாலம்பூரிலோ சைபர்ஜெயாவிலோ இத்தகைய கோப்புகளை எழுதும் வேலையில் இருப்பீர்கள். பிறருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் அப்போது உங்கள் பொறுப்பில் இருக்கும்.

நினைவில் கொள்க

• அமைவுக் கோப்பு பகிர்வதற்கு உரியது, கடவுச்சொல் அப்படியல்ல. இரண்டையும் பிரித்து வையுங்கள். ஒன்றாக அனுப்ப வேண்டுமானால் குறியாக்கம் செய்து அனுப்புங்கள்.
• பேஸ்64 குறிமுறை. அதில் சாவி இல்லை. குறியாக்கத்தில் சாவி உண்டு.
• குறியாக்கம் செய்தபின் காக்க வேண்டியது சாவி. அதை யார் வைத்திருக்கிறார் என்பதே அடுத்த கேள்வி.
• கசிந்த கடவுச்சொல்லை அழித்தால் போதாது, மாற்ற வேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு "இரகசியம்" கோப்பில் உள்ள நான்கு குறிகளின் மதிப்புகள் 13, 3, 20, 54. ஒவ்வொன்றையும் 6 இலக்க இரும எண்ணாக எழுதி, எட்டு எட்டாகப் பிரித்து, மூன்று இலக்கக் கடவுச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். (குறிப்பு: ஆஸ்கி அட்டவணையில் 0க்கு எண் 48.)

2. உங்கள் குழுவில் ஐந்து பேர். சாவியை ஐந்து துண்டாக்கி, மூன்று துண்டு சேர்ந்தால் திறக்கும்படி வைக்கிறீர்கள். ஒருவர் பள்ளி மாறிப் போய்விட்டார். இன்னொருவர் தம் துண்டைத் தொலைத்துவிட்டார். இப்போது திறக்க முடியுமா? தொலைந்த துண்டு வேறொருவர் கையில் கிடைத்தால், அதை மட்டும் வைத்து அவரால் திறக்க முடியுமா?

விடைகள்: 1. 456. 2. மீதமுள்ள மூவர் சேர்ந்து திறக்கலாம். ஒரே ஒரு துண்டால் திறக்க முடியாது. ஆனாலும் சாவியைப் புதிதாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது. ஏன் என்று வகுப்பில் பேசிப் பாருங்கள்.