அப்பாவின் கணக்குக் கோப்பும் கணினித் தமிழும்

"நீ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்தானே, நம் குடும்பங்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு பாடம் எழுதிக் கொடேன்" என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். பாடம் எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் சென்ற தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று எனக்கே பாடமாக அமைந்தது. அதைச் சொன்னால் கணினியில் தமிழ் எப்படி இருக்கிறது என்பதும் கூடவே விளங்கிவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. செம்பூரில் வீடு, வாஷியில் வேலை. ஹார்பர் லைனில் உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே இந்தியும் மராத்தியும், படித்தது ஆங்கிலத்தில். தமிழ் எழுத்துகளைச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கற்றேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் பரண் சுத்தம் செய்தபோது அப்பாவின் சி.டி. ஒன்று கிடைத்தது. அப்பா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1998-ல் பழைய கணினி ஒன்றை வாங்கி, தமிழ் எழுத்துரு போட்டு, வீட்டுக் கணக்கு எழுதிவந்தார். கோப்பைத் திறந்தேன். ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. சி.டி. கெட்டுவிட்டது என்றார் அம்மா. கெடவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

எழுத்தா, எண்ணா?

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சிறிய 'எம்' அதற்கு 109, சிறிய 'கே' 107, அரைப்புள்ளி 59, சிறிய 'எச்' 104. இந்த எண்ணுக்கு இந்த உருவத்தை வரை என்று சொல்வதுதான் எழுத்துரு.

அந்நாளில் பலர் செய்தது எளிய தந்திரம். எண்களை அப்படியே விட்டுவிட்டு உருவத்தை மட்டும் மாற்றினார்கள். தமிழ்த் தட்டச்சு முறையை ஒட்டிய பாமினி எழுத்துருவில் 'எம்' என்ற இடத்தில் அ, 'கே' இடத்தில் ம, அரைப்புள்ளி இடத்தில் மெய்ப்புள்ளி, 'எச்' இடத்தில் கால். ஆகவே 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரிவாள். உள்ளே இருப்பது 109, 107, 59, 107, 104. பாமினி இல்லாத கணினியில் அதே எண்கள் ஆங்கில எழுத்தாகவே தெரியும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கோப்பு அப்படியே இருந்தது. அதற்குரிய எழுத்துருதான் இல்லை.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு வரிசையில் எண்களை வைத்துக்கொண்டது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க வேண்டுமானால் இருவரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும். இதைச் சீர்செய்ய இணையத் தமிழர்கள் சேர்ந்து 'திஸ்கி' என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்-99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது.

நிலையான தீர்வு யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி உண்டு. அதில் அ 2949, ம 2990, மெய்ப்புள்ளி 3021, கால் 3006. இந்த எண்கள் வேறு எந்த மொழிக்கும் இல்லை. இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் தமிழ் துபாயிலும் டில்லியிலும் ஒரேபோல் தெரிவது இதனால்தான்.

நான் செய்த பிழை

பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினேன். 'எம்' வந்தால் அ, 'கே' வந்தால் ம என்று ஒன்றுக்கு ஒன்று. ஒரு மாலை நேர வேலை. திரையில் தமிழ் வந்தது. பெருமையாகப் படிக்கத் தொடங்கினேன்.

1999-ம் வருடக் கணக்கு அது. செம்பூர் வீடு வாங்கிய வருடம். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்ற பட்டியல். நடுவில் ஒரு வரி: "அக்கா வைளயல் 2". கூட்டிக் கூட்டிப் படித்தேன். வயல் என்று முடிவு செய்தேன். அம்பாசமுத்திரத்து அத்தையின் இரண்டு வயலை விற்றா இந்த வீட்டை வாங்கினோம்? அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

காலையில் அம்மாவிடம் காட்டினேன். ஒரு நொடிதான் பார்த்தார். "ஏலே, வயல் இல்ல. வளையல். மதினி கையில கெடந்த ரெண்டு வளையல்."

பிழை எங்கே? 'வளையல்' என்பதில் 'ளை' இருக்கிறது. நாம் கையால் எழுதும்போது முதலில் ஐகாரக் குறியையும் பிறகு ளகரத்தையும் எழுதுகிறோம். பாமினியும் கண்ணுக்குத் தெரியும் அந்த வரிசையிலேயே பதிவு செய்கிறது: வ, ஐகாரக் குறி, ள, ய, ல், என்று. ஒருங்குறி ஒலி வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் ள, பிறகு குறி. நான் இடம் மாற்றாமல் அப்படியே பெயர்த்ததால் குறி முன்னால் நின்ற வகரத்தோடு ஒட்டிக்கொண்டது. 'வளையல்' 'வைளயல்' ஆனது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இரண்டாவது பிழை சிரிப்புக்குரியது. அப்பா இடையிடையே ஆங்கிலத்துக்கு மாறி எழுதியிருந்தார். நான் எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்தபோது எந்த இடத்தில் எந்த எழுத்துரு என்ற குறிப்பு போய்விட்டது. ஆங்கிலத்தில் இருந்த 'தாதர்' என்ற ஊர்ப்பெயர் 'னுயனயச' என்று வந்து நின்றது. அதையும் பக்கத்துச் சொற்களைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

நிரலைத் திருத்திப் பட்டியலை முழுதும் படித்தோம். ஒவ்வொரு கடனுக்கு எதிரிலும் "கொடுத்தாச்சு" என்று தேதியோடு இருந்தது. வளையலுக்கு எதிரில் மட்டும் "மீட்கணும்" என்றிருந்தது. அம்மாவுக்கு அது தெரியாது.

அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னோம். "அதெல்லாம் ஒரு கணக்கா தம்பி?" என்றவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதியா வச்சிருந்தான்?" என்று கேட்டார். பொங்கலுக்கு அம்பாசமுத்திரம் போனோம். இரண்டு வளையலும் இப்போது அத்தை கையில் இருக்கின்றன. அதே எடைதானா என்று அம்மாவுக்கு இன்னும் சந்தேகம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

உங்கள் வீட்டிலும் பழைய பிளாப்பியோ சி.டி.யோ இருக்கலாம். படிக்க முடியவில்லை என்று தூக்கி எறியாதீர்கள்.

1. முதலில் நகல் எடுங்கள். மூலத்தில் கை வைக்காதீர்கள்.

2. பழைய கணினியில் எழுத்துருக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடுத்து வையுங்கள். பூட்டுக்கு அதுவே சாவி.

3. ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஐகாரம், ஒகாரம் வரும் சொற்களையும் ஆங்கிலம் கலந்த இடங்களையும் குறிப்பாகச் சரிபாருங்கள்.

4. சரிபார்க்கும்போது தமிழ் நன்கு படித்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றுவது இயந்திரத்தின் வேலை. வயலா, வளையலா என்று சொல்ல ஆள் வேண்டும்.

5. முடிந்ததும் ஒரு பிரதி காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. 'மும்பை' என்பதில் நம் கணக்கில் மூன்று எழுத்து. ஒருங்குறியில் ம, உகரக் குறி, ம, புள்ளி, ப, ஐகாரக் குறி என்று ஆறு எண்கள். உங்கள் பெயரில் எத்தனை எழுத்து, எத்தனை எண் என்று எழுதிப் பாருங்கள். வீட்டுப் பெரியவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள்.

நான் ஞாயிறு வகுப்பில் மறுபடி சேர்ந்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பழைய கோப்பு வைத்திருப்பவர்கள் வகுப்பு முடியும் நேரத்துக்கு வந்தால் சேர்ந்து திறந்து பார்க்கலாம்.