காவலில் இருந்தவர்களும் வீட்டில் காத்திருந்தவளும்

வேதபாடம் – வீட்டு ஜெபக் கூட்டங்களுக்காக

வாசிக்க வேண்டிய பகுதிகள்: மத்தேயு 25:31–46, 1 சாமுவேல் 30:21–25, அப்போஸ்தலர் 16:25–34, 1 கொரிந்தியர் 11:27–29



சிறை ஊழியம் என்றதும் நம்ம மனதில் யார் வருகிறார்? வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பிக் கதவுக்குள் போகிற ஊழியக்காரர். அவருடைய சாட்சியைக் கேட்டு அல்லேலூயா சொல்லுகிறோம். நல்லதுதான். ஆனால் அவர் போன பிறகு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவளை யார் நினைக்கிறோம்? கம்பிக்கு உள்ளே இருக்கிறவனுக்கும் ஒரு வீடு இருக்கிறதே, அதை யார் நினைக்கிறோம்? இந்த மாதம் ஒரு மிஷனெரியும் சிறைச்சாலைப் போதகருமாயிருந்த ஒருவருடைய ஜீவியத்தையும் குடும்பத்தையும் எடுத்து, இந்த இரண்டு கேள்விகளையும் தியானிப்போம்.

1. யார் இந்த ஹென்றி கெரக்கி?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கார்டன்வில் என்ற சிற்றூரில், ஜெர்மன் பேசுகிற ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ல் பிறந்தவர் ஹென்றி கெரக்கி. அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரர் அல்ல, மிசௌரி லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். 1895-ல் நம்ம கிருஷ்ணகிரியில் ஊழியம் ஆரம்பித்து, பிறகு ஆம்பூர், நாகர்கோவில் பக்கமெல்லாம் பரவின ஐ.இ.எல்.சி. சபைக்கு வித்திட்டது அதே மிசௌரி சபையின் மிஷனெரிகள்தான். ஆகவே முழுக்க அந்நியர் என்று சொல்ல முடியாது.

மனைவியின் பெயர் ஆல்மா. மூன்று ஆண்பிள்ளைகள். செயின்ட் லூயிஸ் பட்டணத்தில் ஒரு சபையின் போதகராயிருந்தார். ஆனாலும் சபைக்கு வராத ஜனங்களைப்பற்றிய பாரம் அவரை விடவில்லை. 1935-ல் சபைப் போதகர் பொறுப்பை விட்டுவிட்டு நகர மிஷன் ஊழியத்திற்கு வந்தார். ஆஸ்பத்திரி, ஏழைகள் இருக்கிற தெரு, சிறைச்சாலை, இவைதான் அதற்குப் பிறகு அவருடைய ஊழியக் களம். வானொலியிலும் ஆறுதல் செய்தி கொடுத்து வந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. மூத்த மகன்கள் இருவரும் ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943-ல், 50 வயதில், தகப்பனும் ராணுவப் போதகராகச் சேர்ந்தார். யோசித்துப் பாருங்கள்! ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் போருக்குப் போனால் அந்தத் தாய் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பாள்?

2. யாரும் போக விரும்பாத இடத்திற்கு அழைப்பு

1945-ல் போர் முடிந்தது. ஹிட்லருடைய ஆட்சியில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த ஆட்சியின் தலைவர்களில் உயிரோடு பிடிபட்டவர்களை ஜெர்மனியின் நியூரம்பெர்க் பட்டணத்தில் நிறுத்தி நேசநாடுகள் விசாரித்தன. 1945 நவம்பர் 20-ல் விசாரணை ஆரம்பமானது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் 21 பேர். அவர்களுடைய ஆத்துமாவை விசாரிக்க ஜெர்மன் பேசத் தெரிந்த, சிறை ஊழிய அனுபவமுள்ள ஒரு போதகர் தேவை. அதிகாரிகள் கெரக்கியைக் கேட்டார்கள்.

கட்டாயம் இல்லை. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ டாக்காவ் சித்திரவதை முகாமைக் கண்ணால் பார்த்தவர். மிசௌரி கிராமத்திலிருந்து வந்த ஒரு சாதாரண போதகன் இந்தப் பெரிய பாதகர்களிடம் என்ன பேசமுடியும்? ஜெபித்தார். பாவத்தை வெறுத்தாலும் பாவியை வெறுக்காதிருக்க ஆண்டவரிடம் பெலன் கேட்டார். போனார்.

புராட்டஸ்டண்டு பின்னணியுள்ள 15 பேர் அவருடைய பொறுப்பு. மற்ற 6 பேரை சிக்ஸ்டஸ் ஓகானர் என்ற கத்தோலிக்க குருவானவர் பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு அறைக்கும் போய் முதலில் கை நீட்டினது கெரக்கிதான். அந்தக் கையைக் கொடுத்ததற்காகவே பின்னாட்களில் அநேகர் அவரை ஏசினார்கள். முதலில் பார்த்தது ருடால்ஃப் ஹெஸ். அவர் ஆராதனை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ரோசன்பெர்க்கும் மறுத்தார். ஆனால் தளபதி கைட்டலின் அறைக்குள் போனபோது அவர் வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்து ஒரு சிறிய ஆராதனை அறை உண்டானது. உலகத்தை நடுங்க வைத்தவர்கள் அதில் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள்.

3. மலிவான மன்னிப்பு இல்லை

இந்த இடத்தில் கவனமாயிருங்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் இராப்போஜனம் கொடுத்துவிடவில்லை. தனித்தனியாக உட்கார்ந்து வசனத்தைப் போதித்தார், கேள்வி கேட்டார், காத்திருந்தார். லட்சக்கணக்கான ஜனங்களை அடிமை வேலைக்கு இழுத்து வந்த சௌக்கெல், பாவியாகிய தன்மேல் இரங்கும்படி தேவனிடம் கெஞ்ச ஆரம்பித்தார். கைட்டல் முழங்காலில் நின்று திருவிருந்து எடுத்தார். ரிப்பன்ட்ராப் முதலில் கல்லைப்போல் இருந்தார். கடைசியில் அவரும் உடைந்தார்.

ஆனால் அவர்களில் ஒருவரையாவது விடுதலை செய்யும்படி கெரக்கி நீதிமன்றத்திடம் கேட்கவில்லை. தேவனுடைய மன்னிப்பு வேறு, தேசத்தின் தண்டனை வேறு. சிலுவையில் மனந்திரும்பின கள்ளனும் சிலுவையை விட்டு இறங்கி வரவில்லையே! மனந்திரும்பிட்டான், இனி கேஸை விட்டுடுங்க என்று சொல்லுகிறது சுவிசேஷம் அல்ல. கொல்லப்பட்டவர்களுடைய இரத்தத்திற்கும் தேவன் கணக்குக் கேட்கிறவர் (ஆதியாகமம் 4:10).

4. இருபத்தொரு கையெழுத்துகள்

1946-ன் நடுவில் ஒரு பேச்சு கிளம்பினது. வயதான போதகர் வீட்டுக்குப் போகப்போகிறார், அவருடைய மனைவி கூப்பிடுகிறாள் என்று. கூப்பிடாமல் இருப்பாளா? புருஷன் முகத்தைப் பார்த்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அப்போது அந்தச் சிறையில் ஒரு அதிசயம் நடந்தது. 1946 ஜூன் மாதம் கைதிகள் சேர்ந்து ஆல்மா அம்மாவுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள். எங்களுக்கும் மனைவி பிள்ளைகள் உண்டு, உங்கள் ஏக்கம் எங்களுக்குப் புரிகிறது, ஆனாலும் எங்கள் போதகரை இன்னும் கொஞ்சநாள் எங்களோடு விட்டுவையுங்கள் என்பதே அதன் சாரம். புராட்டஸ்டண்டுகள் மட்டுமல்ல, கத்தோலிக்கரும், ஆராதனைக்கே வராதவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். 21 பேருடைய கையெழுத்தும் அதில் இருந்தது.

அந்தக் கடிதம் செயின்ட் லூயிஸ் பட்டணத்தில் ஒரு வீட்டு வாசலில் வந்து சேர்ந்தது. அனுப்பினது யார்? எந்தப் போருக்கு அவள் தன் இரண்டு மகன்களை அனுப்பினாளோ, அந்தப் போரை மூட்டினவர்கள். அவள் கிழித்துப் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவள் தன் புருஷனுக்கு என்ன பதில் எழுதினாள் தெரியுமா? அவர்களுக்கு நீங்கள் தேவை, அங்கேயே இருங்கள் என்று எழுதினாள்.

பிரியமானவர்களே, 1 சாமுவேல் 30-ல் தாவீது ஒரு பிரமாணம் வைத்தான். யுத்தத்துக்குப் போனவனுக்கும், பின்னால் தங்கி மூட்டை முடிச்சைக் காத்தவனுக்கும் பங்கு ஒன்றுதான். நியூரம்பெர்க்கில் ஒரு ஆத்துமா தேவனண்டை திரும்பியிருந்தால், அந்தப் பலனில் ஆல்மாவுக்கும் சமபங்கு உண்டு என்று நான் விசுவாசிக்கிறேன்.

5. கைதிகளுடைய பிள்ளைகள்

தீர்ப்புக்கு முன்னே, 1946 செப்டம்பரில், கைதிகளைப் பார்க்க அவர்களுடைய குடும்பங்களுக்கு அனுமதி கிடைத்தது. தாய்மார் உள்ளே போயிருக்கும்போது பிள்ளைகளைக் கெரக்கியும் பார்த்துக்கொண்டார். ஹிட்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஹெர்மன் கோரிங்குக்கு எட்டு வயதில் எட்டா என்று ஒரு மகள். ஜெபம் பண்ணுவாயா பாப்பா என்று கெரக்கி அவளைக் கேட்டார். அப்பாவுடைய இருதயத்தைத் திறந்து இயேசுவை உள்ளே வரச்செய்யும்படி தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறதாக அந்தக் குழந்தை சொன்னதாம். அவரே பின்னர் இதை எழுதிவைத்தார்.

நான் சிறை ஊழியக் குழுவோடு போய்வருகிறவன். அங்கே ஜெபம் முடிந்ததும் கைதிகள் என்னிடம் பெரும்பாலும் கேட்கிறது வேத சந்தேகம் அல்ல. "அண்ணே, எங்க ஊர்ப்பக்கம் போனா வீட்ல ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே. பெரியவள ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டாங்களான்னு கேட்டுட்டு வாங்க." இதுதான். தகப்பன் செய்த குற்றத்துக்குத் தீர்ப்பு எழுதப்படாமலே பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கிறார்கள். பிலிப்பி பட்டணத்தில் சிறைக்கதவு திறந்த அந்த ராத்திரி, இரட்சிப்பு சிறையோடு நின்றுவிடவில்லை, சிறைச்சாலைக்காரன் வீடு முழுவதுக்கும் போனது. சிறை ஊழியம் ஒரு வீட்டில் ஆரம்பித்து இன்னொரு வீட்டில் முடியவேண்டும்.

6. கடைசி இரவு

1946 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. கூண்டில் இருந்தவர்களில் 11 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேருக்கு விடுதலை.

அக்டோபர் 15 ராத்திரி கெரக்கி கோரிங்கின் அறைக்குப் போனார். கோரிங் ஆராதனையைத் தவறவிடாதவர், பாட்டையும் உரத்த சத்தமாய்ப் பாடுகிறவர். ஆனால் அறையை விட்டு வெளியே வரக் கிடைத்த ஒரு சாக்கு அது என்று அவரே ஒத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் இராப்போஜனம் கேட்டார். இயேசுவைத் தேவகுமாரன் என்றும் இரட்சகர் என்றும் ஏற்றுக்கொள்ளுகிறீரா என்று போதகர் கேட்டார். இல்லை என்றார் கோரிங். மகள் செய்கிற ஜெபத்தையும் போதகர் ஞாபகப்படுத்தினார். அதற்கும் அசையவில்லை. கெரக்கி அப்பத்தைக் கொடுக்க மறுத்தார். சில மணி நேரத்துக்குள் கோரிங் ஒளித்து வைத்திருந்த விஷக்குப்பியைக் கடித்து மாண்டுபோனார்.

சாகப்போகிற மனுஷனுக்குக் கொடுத்தால் என்ன, என்று அநேகர் கெரக்கியைக் குற்றப்படுத்தினார்கள். நானும் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். கள்ளன் கேட்டது கிறிஸ்துவை. கோரிங் கேட்டது கிறிஸ்து இல்லாத அப்பத்தை. அதைக் கொடுத்து அனுப்பினால் அது அன்பு அல்ல, ஏமாற்றுதல். ஏழு மாதமல்ல, ஏறக்குறைய பதினொரு மாதம் அந்த அறை வாசலில் நின்று தட்டின மனுஷனுக்குத்தான் இல்லை என்று சொல்லவும் உரிமை உண்டு. நாம் ஒருநாளும் தட்டாத வாசலில் நின்றுகொண்டு நியாயந்தீர்க்கக்கூடாது.

அக்டோபர் 16 அதிகாலையில் 10 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். தன் பொறுப்பில் இருந்தவர்களோடு கெரக்கி தூக்குமேடைவரை நடந்துபோனார். முதலாவது ரிப்பன்ட்ராப். மறுபடியும் உங்களைச் சந்திப்பேன் என்று அவர் போதகரிடம் சொன்னார். கைட்டலோடும் சௌக்கெலோடும் கடைசி ஜெபம் செய்தார்.

1950-ல் இல்லினாய் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய், அங்குள்ள சபையில் உதவிப் போதகராகவும், மெனார்ட் சிறைச்சாலையில் போதகராகவும் வேலை செய்தார். உலகப் பிரசித்தமான கைதிகளைப் பார்த்தவர், பேர் தெரியாத கைதிகளிடம் திரும்பிப் போனார். 1961 அக்டோபரில் மரிக்கும்வரை அதுவே அவருடைய ஊழியம்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள்

அ. எவனையும் கணக்கிலிருந்து நீக்கிவிடாதே. கிருபை எட்டாத அறை என்று ஒன்று இல்லை. ஆனால் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்ட இருதயம் உண்டு.

ஆ. மனந்திரும்புதலைக் கேட்கப் பயப்படாதே. கை கொடுக்கிற அன்பும், அப்பத்தை நிறுத்தி வைக்கிற உண்மையும் ஒரே ஊழியக்காரனிடத்தில் இருக்கவேண்டும்.

இ. ஊழியக்காரனுடைய வீட்டைத் தாங்கு. உபவாசக் கூட்டத்தில் போதகருக்காக ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு ரேஷன் வாங்கக் கூட ஆள் இருக்கிறதா என்று கேட்டோமா?

ஈ. கைதியுடைய வீட்டைத் தேடிப் போ. அந்தத் தெருவே அவர்களோடு பேசாதிருக்கும். நீ போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வா. அதுவும் ஊழியம்தான்.

கலந்துரையாட

1. அந்த 21 கையெழுத்துள்ள கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்பீர்கள்?

2. மன்னிப்புக்கும் தண்டனைக்கும் உள்ள வித்தியாசத்தை லூக்கா 23:39–43-ஐ வைத்து விளக்குங்கள்.

3. நம்ம சபை எல்லைக்குள் சிறையில் இருக்கிறவருடைய குடும்பம் எது? இந்த வாரம் யார் போகப்போகிறீர்கள்? பெயரை எழுதி வையுங்கள்.

ஜெபம்

அன்புள்ள பரலோகப் பிதாவே, காவலில் இருக்கிறவர்களையும், அவர்களுக்காக வாசலைப் பார்த்துக் காத்திருக்கிற பிள்ளைகளையும் நினைத்தருளும். எங்களைப் போகச்செய்யும். போகமுடியாதவர்களை அனுப்புகிறவர்களாக்கும். அனுப்பிவிட்டு வீட்டில் தனிமையாயிருக்கிறவர்களை உம்முடைய சமாதானத்தால் நிரப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே, ஆமென்.