கூலிக்குப் பந்து வீசியவர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவர்)

விளையாட்டு ஒரு பொழுதுபோக்கு என்று நாம் சொல்கிறோம். அதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் வரலாறு வேறு. நம் நாட்டில் கிரிக்கெட் மைதானத்தில் கூலி பெற்று, பின்னர் பெரும் புகழும் பெற்ற முன்னோடி பல்வங்கர் பாலு ஆவார். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாடில் பிறந்தார். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சமூகம் அவருடையது. புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்க அவருக்கு மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியர் சங்கத்தில் 4 ரூபாய். அங்கே துரைமார்களின் பயிற்சிக்காக மணிக்கணக்கில் இடக்கையால் பந்து வீசினார். மட்டை பிடிக்க மட்டும் அவரை அவர்கள் விடவில்லை. ஆயினும் பந்தைச் சுழல விடும் கலை அந்தக் கூலி வேலையிலேயே அவருக்குக் கைவந்தது.

வெள்ளையரை வெல்ல வேண்டுமென்றால் பாலு வேண்டும் என்பதைப் புனேயின் இந்து அணியினர் உணர்ந்தனர், அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டனர். தேநீர் வேளையில் மட்டும் அவருக்கு வெளியே, மண் குவளையில்! 1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை வென்றதில் அவர் பங்கு பெரிது. 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இத்தனை செய்தும் அணித் தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1920-இல் இந்த அநீதியை எதிர்த்து அவர் தம்பியர் ஆட மறுத்தனர். அதன் பின்னரே அவர் துணைத் தலைவரானார். 1923-இல் தம்பி விட்டல் தலைவராகி இந்து அணிக்கு வெற்றியும் தேடித் தந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1921-இல், அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்தில் ஃபிரிட்ஸ் பொல்லார்டு என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஆக்ரன் அணியின் பயிற்சியாளரானார். கதவுகள் தாமாகத் திறக்கவில்லை, தட்டியவர்களுக்கே திறந்தன.

என் பாட்டனார் கீழத் தஞ்சையில் பண்ணையாளாக இருந்தவர். அவர் நட்ட நெல்லை ஊரே உண்டது. தேநீர் மட்டும் அவருக்குக் கொட்டாங்குச்சியில்தான். அவர் பேரன் நான், காரைக்காலில் கல்லூரியில் படிக்கிறேன்; உணவகத்தில் எல்லாரும் குடிக்கும் தம்ளரில்தான் நானும் குடிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நானாகவே இருப்பேன்.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அணிக்கு நான் மூன்றாண்டுகளாகப் பந்து வீசுகிறேன். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எங்கள் தெருப் பையன் ஒருவன் பெயரையும் யாரும் சொல்வதில்லை. நாங்களும் வாய் திறப்பதில்லை. வரும் பொங்கல் ஆட்டத்திற்கு முன் நானே ஒரு பெயரைச் சொல்லப்போகிறேன். அது ஏற்கப்படுமா என்பது தெரியாது. ஆனால் அந்தப் பெயர் சபையில் ஒலிக்கும்.