பாதிக் குப்பித் தண்ணீர்: ஓர் இளம் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. 30 மில்லிலீற்றர் குப்பி, பாதிக்கு மேல் மிச்சம், திறந்து ஆறு கிழமை ஆகிவிட்டது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு தூசுகூட இல்லை, எறிய மனம் வரவில்லை, பாவிக்கலாமா என்று கேட்டிருந்தீர். பாவிக்க வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் காரணம் விளங்காமல் கைக்கொள்ளும் விதி, வேலை நெருக்குகிற நாளில் கைவிட்டுப் போய்விடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் குப்பியில் இருப்பது நற்காப்புத் தண்ணீர்: கிருமியழித்த தண்ணீரும் 0.9% பென்சைல் அற்ககோலும். அதாவது மில்லிலீற்றருக்கு 9 மில்லிகிராம். ஊசி குத்தும்போது தவறி உள்ளே போகிற சில பற்றீரியாக்களைப் பெருகவிடாமல் தடுப்பதுதான் அந்த அற்ககோலின் வேலை. கொன்றாலும் உடனே கொல்லாது, மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். வித்திகளை அது ஒன்றும் செய்யாது. வைரசுக்கு எதிராக அதை நம்பவே கூடாது. போதாததற்கு றப்பர் மூடி அதில் ஒரு பங்கை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை குத்தும்போதும் உள்ளே போகிற காற்றில் இன்னும் சிறிது பென்சல்டிகைட்டாக மாறும். முதல் ஊசி குத்திய நாளிலிருந்து 28 நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? நற்காப்புப் பொருளின் வலுவைப் பார்க்கும் அமெரிக்க மருந்து நூலின் சோதனை 28 நாளைக்குத்தான் நடக்கிறது. அதற்குப் பிறகு அந்தத் தண்ணீருக்கு யாரும் பொறுப்பு நிற்கவில்லை. தயாரித்தவர்கள் அதைவிடக் குறைந்த நாள் போட்டிருந்தால் அதுவே கணக்கு.

தெளிவாக இருக்கிறது என்பதை நம்பாதேயும். மில்லிலீற்றருக்குப் பத்து லட்சம் அளவில் பற்றீரியா சேர்ந்தால்தான் கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்கும். ஒரு லட்சம் இருந்தாலும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். தண்ணீரில் உணவில்லையே, எப்படிப் பெருகும் என்று கேட்பீர். 1971 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், வைத்தியசாலைகளின் காய்ச்சி வடித்த தண்ணீரிலிருந்தே எடுத்த சூடோமோனாஸ் பற்றீரியா, அதே மாதிரித் தண்ணீரில் 25 பாகை வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் மில்லிலீற்றருக்குப் பத்து லட்சத்தையும் தாண்டிப் பெருகியது. தண்ணீரில் கரைந்திருக்கும் அற்ப சேதனப் பொருளே அதற்குப் போதும்.

இதை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். முடிந்த குப்பியைக் கழுவி, ஆய்வுகூடத்திலேயே வடித்த தண்ணீரை நிரப்பி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இறங்கியவை. தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்றும் கூட. வடிகலத்தில் வெள்ளைப் படிவு ஏறினால் அதன் வேலை கெடுவதை நீரும் கண்டிருப்பீர். அந்தத் தண்ணீர் கண்ணாடி கழுவ உதவும். கிருமியழித்தது என்று பெயர் எழுதிய குப்பிக்குள் அதை விடுவது அடுத்த ஆளை ஏமாற்றுகிற வேலை.

எறிய மனம் வராதது எனக்கு நன்றாக விளங்குகிறது. 1990 இல் போரால் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருட்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக எண்ணி எரித்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம்தான் நீர் தொழில் பழகினீர். எதையும் வீசாத அந்தக் கை இந்த மண்ணைக் காப்பாற்றிய கை, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிக்கனத்தைக் குப்பி வாங்கும் இடத்தில் காட்டும், பாவிக்கும் இடத்தில் வேண்டாம். நாளுக்கு ஒரு மில்லிலீற்றர்கூடத் தேவைப்படாத ஆய்வுகூடத்துக்கு 30 மில்லிலீற்றர் குப்பி எதற்கு? நற்காப்பு இல்லாத 5, 10 மில்லிலீற்றர் அம்பியூல்களை எடுத்து, உடைத்த அன்றே மிச்சத்தை ஊற்றிவிடலாம். கரைக்க வேண்டியவற்றை ஒரே நாளுக்குச் சேர்த்து வைத்தும் செய்யலாம்.

அம்பியூலை நான் விரும்புவதற்கு வேறு காரணமும் உண்டு. ஆய்வுகூட வேலையில் பாதிக்கு நற்காப்புத் தண்ணீர் பொருந்தவே பொருந்தாது. வளர்ப்பூடகத்துக்கோ நுண்ணுயிர்கொல்லி உணர்திறன் சோதனைக்கோ அதைக் கொண்டு ஐதாக்கினால், நாம் வளர்க்க நினைக்கும் பற்றீரியாவையே அது அடக்கும். கல வளர்ப்பில் கலங்களுக்கு நஞ்சு. பென்சைல் அற்ககோல் 257 நனோமீற்றர் அளவில் ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சும். ஆகவே 260 இல் டீஎன்ஏ அளக்கிறவருக்கு வருகிற எண் பொய். செங்குழியங்களை நற்காப்புத் தண்ணீரில் போட்டால் வெறும் தண்ணீரில் போட்டது போலவே வெடித்துவிடும், அதற்கு உப்புக்கரைசல்தான் வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உப்புக்கரைசல் குப்பியிலும் 0.9% என்றே இருக்கும், நற்காப்புத் தண்ணீர்க் குப்பியிலும் 0.9% என்றே இருக்கும். முன்னது சோடியம் குளோரைட்டு, பின்னது பென்சைல் அற்ககோல். இரண்டும் சேர்ந்த குப்பியும் சந்தையில் உண்டு. எண்ணைப் பார்த்து எடுக்காதேயும், பெயரை முழுதாக வாசித்து எடும்.

நற்காப்புக்காகச் சோடியம் ஏசைட்டு போட்ட தாங்கற்கரைசல்களும் இப்படித்தான். மார்கழி, தையில் டெங்கு எலைசா குவியும்போது, பெரொக்சிடேசு நொதியம் நிறம் தருகிற கட்டத்தில் ஏசைட்டு கலந்தால் நொதியம் முடங்கும், நிறம் வராது, நோயுள்ளவருக்கு நோயில்லை என்று அறிக்கை போகும். ஏசைட்டுக் கரைசலைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது. செம்பு, ஈயக் குழாய்களில் படிந்து வெடிக்கும் உப்பாக மாறும்.

நான் மிகவும் அஞ்சுவது இனிச் சொல்லப்போவதற்குத்தான். இரவில் வாட்டிலிருந்து ஓடிவந்து ‘ஒரு குப்பித் தண்ணி தாங்கோ’ என்று கேட்பார்கள். ஆய்வுகூடத் தட்டிலிருந்து ஒன்றும் கொடாதேயும். அமெரிக்காவில் ஒருகாலத்தில், புதிதாகப் பிறந்த குழந்தைகளின் குருதிக் குழாய்களைப் பென்சைல் அற்ககோல் கலந்த கரைசலால் கழுவி வந்தார்கள். முதிராத ஈரலால் அதைக் கழிக்க முடியாமல் குருதியில் அமிலம் ஏறி, மூச்சுத் திணறிக் குழந்தைகள் இறந்தன. 1982 இல்தான் காரணம் வெளியே வந்து எச்சரிக்கை விட்டார்கள். பெரியவருக்குச் சிறிதளவில் தீங்கில்லாத அதே பொருள்தான் அந்தச் சின்ன உடலில் இதைச் செய்தது.

களஞ்சியப்படுத்தலைப் பற்றி எங்கள் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2005 ஆனி, ஆடியில் கொழும்பின் இரண்டு வைத்தியசாலைகளில், முள்ளந்தண்டில் மயக்க ஊசி போட்டுச் சத்திரசிகிச்சையால் பிள்ளை பெற்ற ஐந்து தாய்மாருக்கு அஸ்பர்ஜில்லஸ் பங்கசால் மூளையுறை அழற்சி வந்தது. மூவர் இறந்தார்கள். தேடிப் போனவர்களின் சந்தேகம் சிரிஞ்சுகளிலும் ஊசிகளிலும் போய் நின்றது. சுனாமிக்குப் பிறகு உதவிப் பொருட்கள் வந்து குவிந்த காலம் அது. அந்தச் சிரிஞ்சுகளும் ஊசிகளும் வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. உறையில் ‘கிருமியழித்தது’ என்று அச்சிட்டிருந்தது அந்தத் தாய்மாருக்கு உதவவில்லை.

நற்காப்புத் தண்ணீரை 20 முதல் 25 பாகைக்குள் வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை வெயிலில் எங்கள் அறைகள் 30ஐத் தாண்டும். யன்னலோரமும் ஓட்டோகிளேவுக்கு மேலுள்ள தட்டும் வேண்டாம், குளிரூட்டிய அறையின் அலுமாரிக்குள் வையும். உறையவிடக் கூடாது. அதில் கரைத்த மருந்துக்கும் நியமத்துக்கும் பெரும்பாலும் 2 முதல் 8 பாகை வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறந்திருக்கமாட்டீர். மின்சாரம் போனால் பிரிட்ஜ் வெப்பமானியைப் பார்த்து நேரத்தோடு குறித்து வையும்.

குத்தும் முறை உமக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புதுச் சிரிஞ்ச். மூடியை 70% அற்ககோலால் துடைத்து, காய்ந்த பிறகே குத்தும். ஊசியை மூடியிலேயே குத்தி விட்டுப் போகிறவர்களைக் கண்டால், வயதில் மூத்தவரானாலும் சொல்லும். இரண்டு மிச்சங்களை ஒரு குப்பியில் சேர்க்காதேயும்.

திறந்த திகதி, எறிய வேண்டிய திகதி, உம்முடைய முதலெழுத்து, இந்த மூன்றையும் முதல் ஊசி குத்துவதற்கு முன்னரே குப்பியில் எழுதும். நாளைக்குக் காலமை வேலை தொடங்கமுன் தட்டிலுள்ள குப்பிகளை எல்லாம் இறக்கிப் பாரும். திகதி எழுதாத குப்பி எதுவானாலும், அது நிரம்பியிருந்தாலும், திறந்திருந்தால் எறிந்துவிடும். அந்த ஆறு கிழமைக் குப்பியை முதலில் எறியும்.

அன்புடன்,
உம்முடைய மூத்த தொழிற்றோழன்