மேளம் கேட்டுத் தெய்வம் வருமா?
(சமய வகுப்புப் பாடம்)



ஆலனிலும் அயல் நகரங்களிலும் வளரும் எமது பிள்ளைகள் சமய வகுப்பில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இது: "ஊரிலே அம்மன் கோயிலில் மேளம் அடித்ததும் சிலர் ஆடுகிறார்களே, அது நடிப்பா, நோயா, உண்மையா?" "அப்படிக் கேட்கக் கூடாது" என்று சொன்னால் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும், ஒன்றையும் அறிந்துகொள்ளாது. எனவே இவ்விதழில் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பழைமை

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. நிலத்துக்கு ஒரு தெய்வம் இருப்பதுபோல் ஒரு பறையும் இருந்தது. சங்க அகப்பாடல்களில் வேலன் வெறியாடுகிறான். மகளின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாய் அவனை அழைக்கிறாள். உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். ஆகவே ஐயத்தோடு பார்க்கும் கண்ணும் எமது மரபிலே மிகப் பழையது. பிள்ளைகள் கேட்பதில் பிழையில்லை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியிலே சாலினி என்பவள் தெய்வமுற்றுக் கண்ணகியைப் புகழ்கிறாள். அந்தக் கண்ணகியையே மட்டக்களப்பு மக்கள் இன்றும் வைகாசியில் சடங்கு வைத்து வழிபடுகின்றனர்.

கருவிகள்

உடுக்கு இடை சிறுத்த சிறிய தோற்கருவி. இடக்கையால் இடையைப் பிடித்து, வலக்கை விரல்களால் தட்டுவர். இடையிலுள்ள கயிறுகளை அழுத்தினால் தோல் இறுகி ஒலி உயரும், விட்டால் தாழும். இதனால் உடுக்கு பேசுவதுபோலவே கேட்கும். காவியம் பாடுபவருக்கு ஏற்ற துணை இது.

பறை, வட்டச் சட்டத்தில் தோல் கட்டி இரண்டு குச்சிகளால் அடிப்பது. நெருப்பில் காய்ச்சித் தோலை இறுக்கிய பின்பே அடிப்பர். தமிழ்நாட்டில் பம்பையும் உண்டு. ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளங்கள் அதில் இருக்கும்.

ஒழுங்கு

வெளியே நின்று பார்ப்பவருக்குப் பெரும் இரைச்சலாகத் தோன்றும் இந்த மேளத்துக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அழைப்பு: அடி மெதுவாக இருக்கும், பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்கும், தெய்வத்தின் பெயரும் வரலாறும் பாடப்படும். அடுத்து ஏற்றம்: அடி நெருங்கும், வேகம் கூடும். தெய்வமாடுபவரின் உடலைப் பார்த்தே மேளக்காரர் அடிக்கிறார். பின்னர் வாக்கு: தெய்வம் பேசத் தொடங்கியதும் மேளம் அடங்கும், ஏனெனில் சொல்வது சனத்துக்குக் கேட்க வேண்டும். இறுதியில் தணிவு: மஞ்சள் நீர், வேப்பிலை, திருநீறு ஆகியவற்றால் ஆடியவர் தம் நிலைக்குத் திரும்புகிறார். கண்ணகி சடங்கு குளிர்த்தியோடு நிறைவுறுவதும் இந்த முறைக்கு ஏற்றதே. ஏற்றத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

மேளம் மட்டுமே காரணமா?

"ஷாமன்" என்ற சொல் சைபீரியாவின் ஈவெங்கி மக்களுடைய மொழியிலிருந்து வந்தது. அங்கே ஷாமன் தன் மேளத்தைப் பெரும்பாலும் தானே அடித்து, ஆவி உலகுக்குப் பயணம் போகிறான். மேளம் அவனுக்குக் குதிரை என்பர். எமது கோயிலில் மேளம் அடிப்பவர் ஒருவர், ஆடுபவர் வேறொருவர். இங்கே மனிதர் போவதில்லை, தெய்வம் வருகிறது.

1961, 1962ஆம் ஆண்டுகளில் அன்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர், விநாடிக்கு 3 முதல் 8 வரையான மேள அடிகள் மூளையின் மின்னலைகளைத் தம் வேகத்துக்கு இழுக்கின்றன என்றும், சடங்குகளில் நிகழும் ஆட்டத்துக்கு அதுவே விளக்கம் என்றும் எழுதினார். 1980இல் பிரெஞ்சு இசை ஆய்வாளர் கில்பேர் ரூஜே இதனை மறுத்தார். அடியின் வேகமே காரணமென்றால் மேளம் கேட்கும் எல்லாருமே ஆடவேண்டுமே! மேளக்காரரோ மணிக்கணக்காக அடித்தும் தாம் ஆடுவதில்லை. நம்பிக்கை, பாட்டு, பழக்கம், சூழ நிற்கும் சனம் ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்த நிலை வருகிறது என்பது ரூஜேயின் முடிவு. எமது ஊர் அனுபவமும் இதையே சொல்கிறது. விரதமிருந்து, காப்புக் கட்டி, ஊரார் முன்னிலையில் நிற்பவருக்குத்தான் அது வருகிறது. ஒலிநாடாவில் அதே மேளத்தைப் போட்டுக் காரில் கேட்பவருக்கு வருவதில்லை.

எதற்காக இது?

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அக்காலத்தில் இப்படிக் காணாமற் போனோர் மட்டக்களப்பில் மிகப் பலர். எங்கே கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாத தாய்மார் அம்மன் கோயில்களுக்குப் போய் வாக்குக் கேட்டனர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1997இல் கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவுசெய்த பற்றீசியா லோறன்ஸ், இந்த வாக்குச் சொல்வோரைப் பற்றியே எழுதினார். வெளியே வாய்திறக்கப் பயந்த காலத்தில், பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சத்தமாக அழுவதற்கு ஓர் இடம் அங்கே கிடைத்தது. சொன்ன வாக்கு பலித்ததா என்று கணக்குப் பார்ப்பது எம்போன்றோர் தொழில். ஆனால் அழ இடம் கிடைத்ததை எந்த ஏட்டில் வரவு வைப்பது?

அடித்தவர் கடன்

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பறையடித்துத் தெய்வத்தை அழைத்தவர்களையே நாம் பல கோயில்களில் வெளிவீதியில் நிறுத்தினோம். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் "பரையா" என்ற சொல் பறையர் என்ற பெயரிலிருந்தே போனது. அந்த இழிவைச் சுமக்க மறுத்துப் பலர் பறையைக் கீழே வைத்தனர். அது அவர்களின் உரிமை. மட்டக்களப்பில் சிலர் அதனைப் பறைமேளக் கூத்து என்ற கலையாகக் காத்து வருகின்றனர். தெய்வம் வரும்போது கையெடுத்துக் கும்பிடுகிறோம், அழைத்தவரைக் கும்பிட்டோமா?

உடுக்குப் பாட்டு, காவியம், குளிர்த்தி தெரிந்த மூத்தோர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பாடக் கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். எந்த அடிக்குப் பின் எது வரும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பாட்டின் சொற்கள் புத்தகத்தில் கிடைக்கலாம்; அடியின் ஒழுங்கு அடித்தவர் கையில்தான் இருக்கிறது.

வகுப்பில் கலந்துரையாட

1. உடுக்கின் ஒலி உயர்வதும் தாழ்வதும் எப்படி?
2. ஷாமனின் மேளத்துக்கும் எமது கோயில் மேளத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வாக்குச் சொல்லும்போது மேளம் ஏன் அடங்குகிறது?
4. பறையை ஏன் சிலர் கைவிட்டனர்? வீட்டில் பெரியோரிடம் கேட்டு வரவும்.

அம்பாள் அருள் எல்லோர்க்கும் கிட்டுவதாக.