பழைய கைபேசிக்கு முறையாக விடைகொடுத்தல்

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டடத்தில் அமர்ந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே, இந்நாட்டில் கைபேசி வழியாக நிகழ்ந்த முதல் சம்பாஷணையாகும். அவ்விதம் கல்கத்தாவில் காலெடுத்து வைத்த கருவி இன்று அந்நகரின் லேக் கார்டன்ஸ் வீடுகளில் எங்கே இருக்கிறதென்று பார்த்தால், பொத்தான் வைத்த நோக்கியா முதல் திரை விரிசல் கண்ட சாம்சங் வரை நாலைந்து, பீரோவின் அடித்தட்டில் சார்ஜர் கம்பிகளோடு சிக்கிக் கிடக்கின்றன. பேத்தியின் புகைப்படங்களும் வங்கி விவரங்களும் முகமறியாத ஒருவன் கையில் அகப்பட்டுவிடுமோ என்ற நியாயமான அச்சமே அவற்றை வெளியேற விடாமல் தடுக்கிறது. ஆகையால் யாரிடம் கொடுப்பது என்பதற்கு முன், சுத்தமாக அழிப்பது எப்படி என்பதைச் சிரத்தையுடன் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஓடுகிற கைபேசியைக் கழிவென்று எண்ணவே கூடாது. அது பூமிக்கு ஏற்றும் பாரத்தில் பெரும்பகுதி உற்பத்தியின்போதே நேர்ந்துவிடுவதால், இன்னொருவர் கையில் இரண்டு வருஷம் உழைக்க விடுவதே உத்தமம். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், அல்லது கல்கத்தாவின் சாந்தினி சௌக்கில் விற்றுவிடுங்கள்.

எப்படிப் போவதாயினும் முதலில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். புகைப்படங்களைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். எடுத்தவுடன் ‘ஃபேக்டரி ரீசெட்’டை அழுத்திவிடுகிறார்கள், பிறகு வாங்கியவர் கருவியை இயக்கி வைஃபையில் இணைத்ததும் திரை பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது, நல்ல கைபேசி வெறும் ஓடாகிவிடுகிறது. கிரமம் இதுதான்: வங்கிச் செயலிகளையும் யுபிஐயையும் புதிய கைபேசியில் பதிந்து சரிபார்த்த பின் பழையதில் நீக்குங்கள்; வாட்ஸ்அப்பை மாற்றுங்கள்; திரைப் பூட்டை எடுங்கள்; கூகுள் கணக்கை, ஐபோனாயின் ‘ஃபைண்ட் மை’யை, விலக்குங்கள்; அதன் பின்னரே ரீசெட். மின்கலம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

மிகப் பழைய ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு இதுவும் போதாது. அவற்றில் ரீசெட் என்பது நூலகத்தின் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவைப்பதற்கு ஒப்பாகும். அவ்விதம் அழிக்கப்பட்ட கருவிகளிலிருந்து செய்திகளையும் கணக்கின் திறவுகோலையும் மீட்டுக் காட்டிய ஆய்வொன்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டார்கள். எனவே செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குச் சென்று ‘என்கிரிப்ட்’ கட்டளையைக் கொடுத்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பொறுத்திருந்து, தகவலெல்லாம் மறையெழுத்தான பிறகு ரீசெட் செய்தால் அந்த மறையெழுத்தின் திறவுகோல் பெரும்பாலும் அழிந்துபோகும். உள்ளே எஞ்சியதை மீட்பது மிகவும் கடினமாகிவிடும். தொடுதிரை மட்டும் செத்திருந்தால் ஓடிஜி இணைப்பு வழியாகக் கணினியின் மௌஸைச் செருகி இத்தனையையும் செய்யலாம். தயவுசெய்து சுத்தியலைத் தேடாதீர்கள். உடைவது மின்கலமாயின் தீப்பற்றும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மின்கலம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடி ஒரு நூலளவு தூக்கியிருந்தாலும், மேசைமேல் வைத்தால் கருவி ஆடினாலும் உப்பல்தான். அதற்குச் சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள்; உலர்ந்த மணல் கொட்டிய மண்சட்டியில் இட்டு, அடுப்புக்கும் வெயிலுக்கும் தொலைவில் வைத்து, வாங்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியே கழலும் மின்கலமாயின் அதன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டவேண்டும். மாநகராட்சிக் குப்பையில் மாத்திரம் போடவே கூடாது. குப்பையை நசுக்கும் இயந்திரத்திலோ தாபாவின் குப்பை மேட்டிலோ அது நெருப்பாகும்.

இனி யாரிடம் கொடுப்பது? பழைய சாமான் வாங்கச் சந்துக்குள் குரல் கொடுத்து வரும் பிக்ரிவாலா நேர்மையான மனிதர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர் வாங்கிச் செல்லும் செத்த கருவி கைமாறிக் கைமாறி, தெற்கு 24 பர்கனாவின் சங்கிராம்பூர் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர, அங்கே கையுறையுமின்றிக் கம்பியை எரித்தும் மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் ஊறவைத்தும் செம்பையும் தங்கத்தையும் பிரிக்கிறார்கள். புகை அவர்கள் நெஞ்சிலும் அமிலம் அவ்வூர் மண்ணிலும் தங்கிவிடுகின்றன. நாம் பெறும் சில பத்து ரூபாய்க்கு இது தகாது. 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கருவிகளின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் முதலில் விசாரியுங்கள். அல்லது ஹல்லாடெக் போன்று இந்நகரிலேயே மின்னணுக் கழிவு சேகரிக்கும் ஸ்தாபனத்தை அழையுங்கள். எங்கே கொடுத்தாலும், இறுதியில் எந்த ஆலைக்குப் போகிறது, அதன் பதிவு எண் என்ன என்று கூச்சமின்றிக் கேட்க வேண்டும்.

இத்தகைய ஸ்தாபனத்தார் ஒற்றைக் கைபேசிக்காக வண்டி அனுப்பத் தயங்குவார்கள். ஆதலால் கொலுப் பெட்டி பரணிலிருந்து இறங்கும் வாரத்தில், வங்காளி வீடுகளிலும் பூஜைக்காக ஒழுங்குபடுத்தும் வேலை நடக்குமாகையால், அடுக்ககத்தில் எல்லாரிடமும் சொல்லி ஓர் அட்டைப்பெட்டி நிறையச் சேருங்கள். சார்ஜர், இயர்போன், அறுந்த கம்பி யாவும் அதில் சேரும், உப்பிய மின்கலம் மட்டும் சேராது. ஓடும் கருவியில் *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, செத்ததாயின் அது வாங்கும்போது வந்த பெட்டியிலோ பழைய பில்லிலோ தேடிக் குறித்துக்கொண்டு, தேதியிட்ட ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். அந்த எண்ணைப்பற்றிப் பின்னாளில் எவரேனும் விசாரித்தால் காட்டுவதற்கு அது உதவும்.