ஆவேசமும் அப்பியாசமும்

சிரஞ்சீவி கதிரவனுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி விடுதியில் சேர்ந்த கையோடு உடற்பயிற்சிக் கூடத்திலும் சேர்ந்துவிட்டதாகவும், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் எடை தூக்குவதாகவும், சோற்றை அறவே விலக்கிவிட்டு டப்பாவில் விற்கும் புரதப் பொடியைக் கரைத்துக் குடிப்பதாகவும், மூன்றே மாதத்தில் உன் சரீரத்தை அடையாளம் தெரியாதபடி மாற்றிக் காட்டப்போவதாகவும் எழுதியிருக்கிறாய். பதினேழு வயதில் தேகத்தின்மேல் சிரத்தை பிறப்பது பாக்கியமே. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதம் முடிந்து நான்காவது மாதம் பிறக்கும்போது என்ன செய்வதாக உத்தேசம் என்பதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் எழுதப்போவது முழுவதும் அந்த நான்காவது மாதத்தைப் பற்றியதுதான்.

நான்காவது மாதத்திலும் நிலைப்பது எது என்பதற்கு முதலில் ஒரு சான்று. லண்டன் மாநகரத்துப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் ‘லான்செட்’ என்ற மருத்துவ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரே வண்டியில், ஒரே தெருப்புகையைச் சுவாசித்து, ஒரே வேலைநேரத்தில் உழைத்தவர்களுள், நாள் முழுதும் ஆசனத்தை விட்டு அசையாத ஓட்டுநர்களைக் காட்டிலும், டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப் பஸ்ஸின் படிகளில் ஓயாமல் ஏறியிறங்கிய நடத்துநர்களிடம் இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. அந்த நடத்துநர்கள் மல்லர்களும் அல்லர். சபதம் பூண்டவர்களும் அல்லர். படி ஏறுவது அவர்களுடைய அன்றாட ஜீவனத்தோடு பிணைந்திருந்தபடியால், மனம் சலித்திருந்த நாளிலும் தேகம் சலிக்காமல் அசைந்தது, அவ்வளவே. உன் வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமும், பதினெட்டுக்குப் பிறகு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷமும் உடல் உழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நியமத்தில், வகுப்புக்கு விரைந்து நடப்பதும், மாலையில் கபடி ஆடுவதும் கூடச் சேர்த்திதான்.

எடை தூக்குவதை நீ விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எலும்பு தன் உச்ச அடர்த்தியை ஏறக்குறைய இருபதுகளின் முடிவுக்குள் எட்டிவிட்டு, பிற்பாடு மெல்லக் குறையத் தொடங்குவதால், இப்போது நீ சேர்த்து வைப்பதே முதுமைக்கு மூலதனம். ஆயினும் தேகம் தன் கதியில்தான் வளரும். தொடங்கிய சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடுவதுபோல் தோன்றுவது, பெரும்பாலும் தசை பெருத்ததனால் அன்று. இருக்கிற தசையை ஒழுங்காக ஏவுவதற்கு நரம்புகள் கற்றுக்கொண்டதனால். அதன் பின்னரே தசை பெருக்கும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களோ அதைவிட மெதுவாகவே உறுதிப்படும். இந்த வித்தியாசம் அறியாமல் வாரந்தோறும் பாரத்தை ஏற்றிக்கொண்டே போகும் வாலிபன், தோளிலோ முழங்காலிலோ நோவைத் தேடிக்கொண்டு, தொடங்கிய வேகத்திலேயே ஓய்ந்துவிடுகிறான். தெற்கத்திக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கியவர்கள், கலப்பை பிடித்தும் மூட்டை சுமந்தும் ஆண்டுக்கணக்கில் இறுகிய உடம்போடுதான் அந்தக் கல்லை அணுகினார்கள். நீயும் தண்டால், பஸ்கி இவற்றை முறையாகக் கற்று, வாரத்தில் மூன்று நாள் மட்டும், இடையில் ஓய்வு விட்டுச் செய். பாரம் பிறகு வரட்டும்.

உழைத்த தசை சீர்ப்பட்டு வளர்வது ஓய்விலும் நித்திரையிலும்தான். உன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் உறக்கம் அவசியம் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. அப்படியானால் நான்கு மணிக்கு எழுபவன் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும். விடுதியில் அது நடக்கிற காரியமா என்பதை நீயே யோசித்துப் பார். மாலை ஐந்து மணி அப்பியாசத்துக்கு எவ்விதத்திலும் தாழ்ந்த முகூர்த்தம் அன்று.

இனி ஆகாரம். நம் நீலகிரியின் குன்னூரில், பெரிபெரி நோயை விசாரிக்க 1918-இல் ஒற்றை அறையில் ஆராய்ச்சி தொடங்கிய ராபர்ட் மக்காரிசன், பிற்காலத்தில் இந்நாட்டின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறிகள் அடங்கிய சீக்கியர் உணவைத் தின்றவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்த சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை நலிந்தன. இதைக் கொண்டு அரிசியைப் பழிப்பது நியாயம் ஆகாது. அதனோடு சேர வேண்டியவை சேராததே குற்றம். ஆகவே சோற்றைத் தள்ளாதே. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, கீரையும் சுண்டலும் முட்டையும் மோரும் அந்த இடத்தை நிரப்பட்டும். குன்னூரில் பிறந்த அந்த ஸ்தாபனமே இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2024-இல் அது வெளியிட்ட உணவு நெறிகள், உடம்பைப் பெருக்குவதற்கென்று புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்கின்றன. டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு மாதத்துக்கு வேர்க்கடலையும் பயறும் வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு காரியம் யோசியாமலே செய்யும் பழக்கமாகப் படிவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆராய்ந்தவர்கள், சராசரி 66 நாள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறுபடக்கூடும் என்றும் 2010-இல் வெளியிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அவர்கள் கண்டது. ஆவேசக்காரன் ஒரு நாள் தவறினால் விரதம் பங்கப்பட்டதாக எண்ணி அனைத்தையும் கைவிடுகிறான். அப்பியாசி மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறான். ஆகையால் அடுத்த கடிதத்தில் எத்தனை கிலோ தூக்கினாய் என்று எழுத வேண்டாம். பரீட்சை வாரத்தில் எதைக் குறைத்துக்கொண்டாய், எதை விடாமல் செய்தாய், தவறிய பின் எந்த நாளில் மறுபடி தொடங்கினாய் என்பதை எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பெரியப்பா